களையென்று கருதிய செடிகள்

தோட்டம் என்றதும் மேனாட்டு ரோசாவும் கத்தரித்த வேலியுமே நம் கண்முன் தோன்றுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தாரும் ஒரு காலத்தில் ஐரோப்பியத் தோட்டங்களையே பெரிதென எண்ணியிருந்தனர். அவர்தம் கண்ணைத் திருப்பிய வரலாற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

டென்மார்க்கில் 1860இல் பிறந்த ஜென்ஸ் ஜென்சன், 1884இல் அமெரிக்கா சென்று, பின்னர் சிக்காகோ மேற்குப் பூங்காக்களிற் கூலியாளாகச் சேர்ந்தார். அங்கு அவர் நட்ட பிறநாட்டுச் செடிகள் அம்மண்ணிலும் வெயிலிலும் வாடி மடிந்தன. நகருக்கு வெளியேயோ, ஒருவரும் நீரூற்றாமலே காட்டுப்பூக்கள் செழித்திருந்தன! 1888இல் அவற்றைக் கொண்டு யூனியன் பூங்காவில் ‘அமெரிக்கத் தோட்டம்’ அமைத்தார். அச்செடிகளை விற்போர் எவருமிலர். களையை யார் விலைக்கு வளர்ப்பர்? ஆதலால் வண்டி கட்டிச் சென்று காட்டிலிருந்தே தோண்டி வந்தனர்.

ஆயினும், ஒரு பூங்காவை நேரிற் காண்போர் எத்துணைப் பேர்? இங்கேதான் புகைப்படம் துணைக்கு வந்தது. 1915இல் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் மில்லர், சுதேசச் செடிகளால் அமைந்த தோட்டங்களைப் படங்களுடன் விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். ஜென்சன் விரும்பிய ஹோதோர்ன் மரம், சமவெளியைப் போலவே கிளைகளைக் கிடையாக நீட்டுவது. அவ்வழகைக் கறுப்பு வெள்ளைப் படமும் நன்கு காட்டவல்லது. பூவின் நிறத்தைத்தான் காட்ட இயலாது.

இதற்கிடையில் கலப்பை ஓயவில்லை. இலினோயின் 2 கோடி 20 இலட்சம் ஏக்கர் இயற்கைப் புல்வெளியில், இன்று பழுதின்றி எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.