ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்கள் வழியாக ஏற்காடு, சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும்.

ஐபிஎம் பிசியில் ஒரு டிஸ்க்கை இப்படிப் பங்கு போடும் வழக்கம் 1983இல் ஆரம்பிக்குது. அந்த ஆண்டு வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் ஹார்ட் டிஸ்க் வெறும் 10 எம்பி. அதோடு வந்த டாஸ் 2.0, டிஸ்க்கை நான்கு பங்கு வரை பிரிக்க விட்டது. அட்டவணைக்கு மொத்தம் 64 பைட் இடம். ஆனா பிரித்த பங்கின் அளவை மாற்ற வேண்டுமென்றால், எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி பிரிக்கணும்.

ஏன் அவ்வளவு கஷ்டம்? காப்பித் தோட்டத்தில் எல்லைக்கல்லை உள்ளே தள்ளி நடுவதாக வையுங்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கும் செடிகளை முதலில் இந்தப் பக்கம் கொண்டுவரணும், பிறகுதான் கல். வரிசை மாறினா செடி போச்சு.

1990களில் லினக்ஸ் சிடிக்களில் கிடைத்த ஃபிப்ஸ் பாதி வேலையைத்தான் செய்தது. நாமே டிஃப்ராக் ஓட்டி ஃபைல்களை முன்பக்கம் ஒதுக்கணும். மிச்ச இடத்தை அது வெட்டித் தரும். 2002இல் வந்த என்டிஎஃப்எஸ்-ரீசைஸ் பின்னாளில் ஃபைல்களையும் தானே நகர்த்தியது. 2007இல் விஸ்டாவிலேயே பங்கைச் சுருக்கும் வசதி வந்துவிட்டது.

சுருக்குவது சுலபமாச்சு; அழிப்பதில்தான் பலர் மாட்டினார்கள். இடம் போதலைன்னு விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் பங்கை அழிப்பார்கள். பழைய எம்பிஆர் முறையில், எதை பூட் செய்வது என்று கேட்கும் க்ரப்பின் பெரும்பகுதி அந்தப் பங்கில்தான் இருக்கும். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரை. "டிஸ்க் போச்சு, ஃபார்மட் போடணும்" என்பார் கடைக்காரர். வீட்டின் முதல் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்த போட்டோக்கள் அதோடு காலி.

உண்மையில் விண்டோஸ் பங்குக்கு எதுவும் ஆகியிருக்காது. விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து, பூட் கோடை மட்டும் திரும்ப எழுதினால் போதும். சில நிமிட வேலை.

அந்த லேப்டாப்கள் சில வீடுகளில் இன்னும் பரண் மேல் கிடக்கலாம். கறுப்புத் திரையோடு ஒன்று கிடைத்தால், ஃபார்மட் போடாதீங்க. முதலில் லைவ் லினக்ஸில் பூட் செய்து போட்டோக்களை காப்பி எடுங்க.