எஞ்சின் ஓடுமுன் எண்ணெய் ஓட வேண்டும்

மோட்டார் வண்டியின் எஞ்சினை முழுவதும் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றிப் பூட்டிய பின்னர், தேர்ந்த மெக்கானிக் அதை உடனே ஓட விடுவதில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்து, பெட்ரோலையும் தீப்பொறியையும் தடுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரினால் எஞ்சினை வெறுமே சுழற்றுகிறார். அவருடைய பார்வை எண்ணெய் அழுத்தமானியின் மீதே இருக்கும். அதன் முள் எழுந்த பின்னரே மற்ற வேலை. டர்போசார்ஜர் பொருத்திய எஞ்சினானால் இந்தக் கவனம் இரு மடங்காகிறது. இவ்வழக்கத்தின் காரணத்தை அறிய, ரயில் வண்டியின் அச்சைப் பற்றிய ஒரு பழைய சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.

1880களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்திற்காக பீச்சம் டவர் என்பவர், ரயில் அச்சுகளில் ஏற்படும் உராய்வை ஆராய்ந்தார். சுழலும் அச்சின் மேல், பேரிங் எனப்படும் தாங்கியை வைத்துப் பளுவை ஏற்றினார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருந்தது. தாங்கியின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்காக ஒரு துளை இட்டிருந்தார். அச்சு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் பொங்கி வழிந்தது! தக்கையினால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரத்துண்டை அடித்து இறுக்கினார்; அதுவும் வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கும் மேலான அழுத்தம் தெரிந்தது. பளுவினால் ஏற்பட்ட சராசரி அழுத்தமோ 100 பவுண்டுதான்.

1883இல் வெளியான இம்முடிவுக்கு, 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் விளக்கம் அளித்தார். பாய்ம இயக்கத்தில் நாம் படிக்கும் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு உரியவர் இவரே. சுழலும் அச்சு தாங்கியின் நடுமையத்தில் நிற்பதில்லை; சற்றே ஒதுங்கி நிற்கிறது. ஆகவே இடைவெளி ஆப்பு வடிவில் வரவரக் குறுகுகிறது. எண்ணெயின் பாகுநிலை காரணமாக, சுழலும் பரப்பு அதைத் தன்னுடன் இழுத்துச் சென்று அக்குறுகலில் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தமே அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. அப்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. அச்சைத் தாங்கும் அழுத்தத்தை உண்டாக்குவது எண்ணெய்ப் பம்பு அன்று; சுழற்சியே. பம்பு, தாங்கியின் வாசல்வரை எண்ணெயைக் கொண்டு சேர்க்கிறது; அவ்வளவே. மற்றொன்று, வாசலில் எண்ணெய் இல்லாவிடில் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் படலம் தோன்றாது. வேகம் கூடக் கூடச் சேதமே மிகும்.

இனி டர்போசார்ஜருக்கு வருவோம். எஞ்சின் வெளியேற்றும் சூடான வாயுவினால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் முறைக்கு, ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். அது டீசல் எஞ்சினில் நடைமுறை வெற்றி காண 1925 ஆயிற்று. கார்களில் இது 1962இல் வந்தது: அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் ஆகியவற்றில் பொருத்தியது. ஸ்வீடனின் சாப் 99 டர்போ 1978இல் விற்பனைக்கு வந்த பின், இது அன்றாடக் கார்களிலும் பரவியது.

காரின் டர்போ தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. தண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர் எனக் கொண்டால், ஒரு லட்சம் சுற்றில் அதன் பரப்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர். அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர்! இவ்வேகத்தில் உலோகத்தைக் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. டர்பைன் பக்கத்திலிருந்து வரும் வெப்பத்தைக் கடத்திச் செல்வதும் அதே எண்ணெய்தான்.

புதிதாகப் பூட்டிய எஞ்சினில் எண்ணெய் வழிகள் யாவும் காலியாக இருக்கும். பூட்டும்போது தாங்கிகளில் தடவிய எண்ணெய் சிறிது நேரமே காக்கும். டர்போவோ மெல்லிய குழாய் ஒன்றின் கோடியில் இருப்பதால், எண்ணெய் அதனைத் தாமதமாகவே அடைகிறது. எனவே, அதன் எண்ணெய் வாயில் புதிய எண்ணெயை ஊற்றித் தண்டைக் கையால் சுழற்றுகிறார்கள். பின்னர், முதலில் கூறியவாறு எஞ்சினைச் சுழற்றுகிறார்கள். பிளக்குகள் இல்லாததால் சிலிண்டரில் அழுத்தம் ஏறாது. தாங்கிகளின் மீது பளு குறைவு. எரிதல் நிகழாததால் டர்பைனை விரட்டும் சூடான வாயுவும் இல்லை. டர்போவின் திரும்பு குழாயில் எண்ணெய் வடிவதைக் கண்ட பிறகே எஞ்சினுக்கு உயிர் கொடுக்கலாம். அப்போதும் உடனே விரட்டாமல், அழுத்தத்தையும் கசிவையும் கவனிக்க வேண்டும்.

திரும்பு குழாயில் எண்ணெய் புவியீர்ப்பினாலேயே இறங்குகிறது. ஆகவே அது அகலமாகவும் சரிவாகவும் இருத்தல் வேண்டும். அடைப்பு ஏற்பட்டால் எண்ணெய் தேங்கி டர்பைனுக்குள் கசியும், நீலப்புகை வரும். மூட்டுகளில் அளவுக்கு மீறிப் பூசிய பசையின் சிறு துணுக்குகூட மெல்லிய குழாயை அடைக்கப் போதுமானது.

பல நாள் உழைப்பைச் சில வினாடிகள் அழித்துவிடக் கூடும். டவரின் தக்கையைத் தள்ளிய அதே அழுத்தம்தான் இன்றைய டர்போவையும் தாங்குகிறது. அதைச் சுழற்சி தானே உண்டாக்கிக்கொள்ளும். முதல் சுற்றுக்கு வேண்டிய எண்ணெயை மட்டும் நாம்தான் கொண்டு சேர்க்க வேண்டும்.