காணாமல் போன கம்ப்யூட்டரும் 51 நிமிஷமும்

போன மாசம் சித்தப்பாவோட ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு பஞ்சாயத்து. மொத்தமே ஆறு கம்ப்யூட்டர். புதுசா ரெண்டு வாங்கிப் போட்டாங்க. அந்த ரெண்டுலயும், கணக்கு பாக்குற அக்காவோட பழைய விண்டோஸ் 7 மெஷின் நெட்வொர்க் லிஸ்ட்ல தெரியல. ஃபைல் எல்லாம் அதுலதான். சித்தப்பா அக்காவைப் பிடிச்சு ஏற, "நான் எதையும் தொடலப்பா"ன்னு அவங்க கண் கலங்க, என்னைக் கூப்பிட்டாங்க. (இன்ஜினியரிங் படிச்சவன்னா மிக்ஸி ரிப்பேரும் நம்ம தலையிலதான் :-))

புது மெஷின்ல ரன் பாக்ஸ்ல ஐபி முகவரியை அடிச்சேன். பாஸ்வேர்டு கேட்டு ஃபோல்டர் திறந்துடுச்சு. ஆக, ஆள் உயிரோடதான் இருக்கு, லிஸ்ட்லதான் இல்லை. இது ஏன்னு புரிய 1983க்குப் போகணும்.

ஐபிஎம்மோட பிசி நெட்வொர்க்குக்காக சைடெக் என்ற கம்பெனி அந்த வருஷம் செஞ்சதுதான் நெட்பயாஸ். சர்வர் கிடையாது. ஒவ்வொரு மெஷினும் ஆன் ஆனதும் "இந்தப் பேர் என்னுது, யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"ன்னு கத்தும். பதில் வரலைன்னா பேர் அதுக்கே. பேருக்கு 16 இடம். கடைசி ஒண்ணை மைக்ரோசாப்ட் வேற வேலைக்கு எடுத்துக்கிச்சு. 15 எழுத்துக்கு மேல கம்ப்யூட்டருக்குப் பேர் வெச்சா விண்டோஸ் இன்னிக்கும் முணுமுணுக்கிறது அதனாலதான்.

1992ல விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் வந்தப்போ லிஸ்ட் வேணும்னு ஆச்சு. அதுக்கு ஒரு தேர்தல்! ஜெயிச்ச மெஷின் 'மாஸ்டர் பிரவுசர்' (இணையம் பாக்குற பிரவுசர் இல்லீங்க). புது விண்டோஸுக்கு முன்னுரிமை, அதுலயும் சமம்னா ரொம்ப நேரமா ஓடுறதுக்கு. லினக்ஸ் சாம்பாவுல ஒரு எண்ணை ஏத்தி வெச்சா அதுவே ஜெயிச்சுடும். கள்ள ஓட்டு இல்லாம வேற என்ன?

கூத்து இனிமேதான். ஒவ்வொரு மெஷினும் 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை 'உள்ளேன் ஐயா' சொல்லும். மூணு தடவை சத்தம் வரலைன்னாதான் மாஸ்டர் பேரை அடிக்கும்: 36 நிமிஷம். அதோட நகலை பேக்கப் பிரவுசர் எடுக்குறது 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை. மொத்தம் 51. பட்டுன்னு பவர் போன மெஷின் முக்கால் மணி நேரத்துக்கு மேல லிஸ்ட்ல உயிரோட இருக்கும். அப்போவும் அந்த லிஸ்ட் பழைய சேதிதான்.

இந்த ஏற்பாடு எஸ்எம்பி1 மேலதான் நின்னுச்சு. 2017 மே மாசம் வானாக்ரை அந்த ஓட்டை வழியா உலகமெல்லாம் புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டுச்சு. திருத்தம் மார்ச்லயே வந்திருந்தும் போடாதவங்க மாட்டினாங்க. அந்த வருஷக் கடைசில வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து எஸ்எம்பி1ஐ மைக்ரோசாப்ட் கழட்ட ஆரம்பிச்சது. அதோட மாஸ்டரும் தேர்தலும் போச்சு. புதுசுகள் கேக்குறது விஸ்டா காலத்துல வந்த டபிள்யூஎஸ்-டிஸ்கவரியை மட்டும்.

அக்கா மெஷின்ல அதுக்கான 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' சர்வீஸ் நின்னு கிடந்தது. பழைய மெஷின்கள் பழைய வழியில அதைப் பாத்துக்கிட்டு இருந்ததால யாருக்கும் தெரியல. ஆட்டோமேட்டிக்ல போட்டேன், பேர் வந்துடுச்சு. லிஸ்ட்டை நம்பவே வேணாம்னு புதுசு ரெண்டுலயும் நேரா ஃபோல்டருக்கு ஷார்ட்கட்டும் வெச்சேன்.

"அப்போ யார் மேல தப்பு?"ன்னார் சித்தப்பா. 1983ல இருந்து ஆரம்பிச்சேன். தேர்தல் வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டார். அக்காகிட்ட சாரி மட்டும் கேக்கல.