அரசியல் பங்கேற்பின் காரணிகள்

அரசியல் பங்கேற்பு என்பது வாக்களித்தல், தேர்தலில் போட்டியிடுதல், போராட்டம் முதலியவற்றின் வழியாகக் குடிமக்கள் பொதுவாழ்வில் ஈடுபடுவதைக் குறிக்கும். இந்த ஈடுபாட்டுக்கு மரபணு, குடும்பம், கல்வி ஆகியன எந்த அளவுக்குக் காரணமாகின்றன என்பது அரசறிவியலில் விவாதிக்கப்படும் வினாவாகும்.

மரபியல் ஆய்வுகள்

2008 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பௌலர் உள்ளிட்ட மூவர், லாஸ் ஏஞ்சலஸ் பகுதி இரட்டையரின் வாக்களிப்புப் பதிவுகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் மரபணுக்களை ஏறத்தாழ முழுமையாகவும், இருகரு இரட்டையர் சராசரியாகப் பாதியளவும் பகிர்கின்றனர். முன்னவரிடையே ஒற்றுமை மிகுந்திருந்ததால், வாக்களிப்பில் காணப்படும் வேறுபாட்டில் 53 விழுக்காடு மரபுவழியானது என மதிப்பிட்டனர். இது ஒரு மக்கள்தொகைக்குள் நிலவும் வேறுபாட்டின் அளவே. ஒருவரது முடிவில் பாதி மரபணுவால் அமைகிறது எனக் கொள்வது பிழையாகும். ஒருகரு இரட்டையர் ஒரே விதமாக நடத்தப்படுவதாலும் அவர்களிடையே ஒற்றுமை மிகலாம் என்ற மறுப்பும் உண்டு.

கடலூரும் சிதம்பரமும்

இந்தியாவில் குடும்பம், கல்வி ஆகியவற்றின் தாக்கத்தை அறியப் பழைய தென்னார்க்காடு மாவட்டம் நல்ல சான்றுகளைத் தருகிறது. கடலூர் முதுநகரில் 1890 இல் பிறந்த அஞ்சலையம்மாள் ஐந்தாம் வகுப்பு வரையே படித்தவர். குடும்ப நிலத்தையும் வீட்டையும் விற்று விடுதலைப் போராட்டத்துக்குச் செலவிட்டார். 1927 இல் சென்னையில் நடந்த நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் தம் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் ஈடுபடுத்தினார். தாயும் மகளும் சிறை சென்றனர். அச்சிறுமிக்குக் காந்தி பின்னர் லீலாவதி எனப் பெயரிட்டார். அஞ்சலையம்மாள் 1937 இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கு அரசியலைக் கற்பித்த இடம் வீடே.

வீட்டில் அத்தகைய வாய்ப்பு இல்லாதோர்க்குப் பள்ளி வழியாயிற்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அவரே 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் தொகுதியில் வென்றார்.

எனினும் கல்வி மிகுந்தால் வாக்களிப்பும் மிகும் என்ற அமெரிக்க முடிவு இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது. 1990களிலிருந்து இங்கு ஏழைகளும் குறைவாகக் கற்றோரும் மற்றவர்க்கு இணையாகவோ சற்று மிகுதியாகவோ வாக்களித்து வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

குடும்பப் பின்னணியைக் கொண்டு ஒருவரது அரசியலை முன்னரே கணிக்க இயலாது என்பதற்கும் சிதம்பரத்தில் சான்றுண்டு. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது 1965 சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவர் காவலர் ஒருவரின் மகன்.