சேற்றுக்குக் கேஜ்வீல், பனிக்குச் சங்கிலி



கனடாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் நேற்று ஒரு படம் அனுப்பினான். வாசலில் பனி தள்ளும் சின்ன டிராக்டர். பின்சக்கரம் இரண்டிலும் இரும்புச் சங்கிலி. "டீச்சர், இதெல்லாம் நம்ம ஊர்ல உண்டா?" என்று கேட்டிருந்தான். கே.கே. நகர் மாடி வீட்டில் இருந்த எனக்கு, மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வயல் ஞாபகம் வந்துவிட்டது.

உண்டு தம்பி. நம்மிடம் அது கேஜ்வீல்.

ஆரம்பத்தில் டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான். மண்ணை நன்றாகப் பிடிக்கும், சாலையையும் பெயர்க்கும். 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி காற்றடைத்த ரப்பர் டயரோடு டிராக்டரை விற்றது. சங்கிலி அதற்கும் மூத்தது. வழுக்கும் கார் டயரில் ஆட்கள் கயிறு சுற்றுவதைப் பார்த்த ஹாரி வீட், 1904-இலேயே சங்கிலிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கியது. டிராக்டர் வந்தது, ரப்பர் டயரும் கூடவே வந்தது. ஆனால் டெல்டாவின் களிமண் சேற்றில் டயரின் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும்; சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். கேஜ்வீலில் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் சேறு உதிர்ந்துவிடும். ஆக, சுற்றி வந்து இரும்புக்கே திரும்பினோம்! அதோடு தார்ச்சாலையில் ஏறினால் ஊரில் சண்டைதான்.

சொல்ல வந்தது வேறு. எனக்குப் பதினொரு வயது. எங்கள் சித்தப்பா முறை ஒருவர், கேஜ்வீல் மாட்டாமல் வயலில் இறங்கிப் புதைந்துபோனார். பின்சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரு கட்டையைக் கயிற்றால் கட்டி வண்டியைக் கிளப்பினார். கட்டை மண்ணில் ஊன்றிக்கொண்டது. சக்கரம் சுற்ற வழியில்லை. எஞ்சின் விசை முன்பக்கத்தைத் தூக்கி, கண் மூடித் திறப்பதற்குள் வண்டி மல்லாந்தது. அவர் அடியில். சித்தி அதற்குப் பிறகு அந்த வரப்பில் கால் வைக்கவில்லை.

அதனால் தம்பி, சங்கிலியை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கு. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, மறுபடி இறுக்கு. மட்கார்டில் உரசுகிறதா பார். அப்படியும் புதைந்தால் மண்வெட்டியை எடு. சக்கரத்தில் கட்டை மட்டும் கட்டாதே.

உன் படத்தில் இடதுபக்கச் சங்கிலி தொங்குகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. பார்த்துவிட்டுப் பதில் போடு.