சீகன்பால்கும் அச்சேறாத நூலும்

ஒரே விசுவாசமுடைய இருவர் ஒரே நூலைக் குறித்து முற்றிலும் மாறான முடிவுகளுக்கு வரக்கூடுமோ? தரங்கம்பாடி மிஷன் வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று உண்டு.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர், தமிழரைக் கல்வியும் ஒழுக்கமும் அற்றவரெனக் கருதிய ஐரோப்பியரின் பொது எண்ணத்தோடுதான் வந்தார். இதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்ற அவர், இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிக் குறிப்புரையோடு பட்டியலிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708இல் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். உருவ வழிபாடு பிழையானது என்னும் அவரது நம்பிக்கை சற்றும் தளரவில்லை. ஆனால் அம்மக்களைக் குறித்த இகழ்ச்சி அவரை விட்டு நீங்கிற்று. தாம் யாரிடம் பேசுகிறாரோ அவர்களுடைய சமயத்தை அவர்கள் வாய்மொழியாகவே அறிதல் வேண்டும் என்று துணிந்து, தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை 1713இல் எழுதி முடித்து, ஹாலே நகருக்கு அனுப்பினார்.

அங்கே அதைப் பெற்றவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. மிஷனெரிகளை அனுப்பியது புறச்சமயத்தை ஒழிப்பதற்கேயன்றி, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்ற கருத்துப்பட மறுமொழி வந்தது. நூல் அச்சேறவில்லை.

பிராங்கேயை அறிவுக்குப் பகைவரென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. அநாதைகளுக்கு இல்லமும் ஏழைகளுக்குப் பள்ளிகளும் நிறுவியவர் அவர். அதே 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் உருவாக்கப்பட்டவையே. தமிழர் மிஷனெரிகளுக்கு எழுதிய மடல்களும் 1714இலும் 1717இலும் ஹாலேயில் அச்சாயின. மடல்கள் மிஷன்பணியின்பால் ஆதரவாளரின் கருத்தை ஈர்க்கும். தெய்வங்களின் வரலாறோ அவர்களைக் கலங்கச் செய்யும் என்று எண்ணினர் போலும். இது எமது ஊகமே. எனினும் தமிழர் நடுவே வாழாத ஒருவருக்கு அந்நூல் வெறும் கதைத் தொகுப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஏழாண்டுகள் அவர்களோடு உரையாடியவருக்கு அது அண்டை வீட்டாரின் உள்ளத்தைத் திறந்து காட்டிற்று.

சீகன்பால்கு ஐயர் 1719இல், 36ஆம் வயதில், அதை அச்சில் காணாமலே மரித்தார். 1867இல் வில்ஹெல்ம் ஜெர்மான் சென்னையில் வெளியிட்ட பதிப்பும் பல மாற்றங்களுக்குட்பட்டதே. மூலபாடம் 2003இல் தானியேல் ஜெயராஜ் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. வெளியிட்டது ஹாலேயில் பிராங்கேயின் பெயரால் விளங்கும் நிறுவனமே.