ஒரே கட்டணம், இரண்டு மைதானம்



இம்முறை நம் சந்திப்பு வத்தல்மலையில் என்று அழைப்பிதழில் பார்த்ததுமே என் நினைவு 1980களுக்குப் போய்விட்டது. என் விடுதித் தோழி ஒருத்தி இந்த மலைக்காரி. அன்று மேலே பஸ் கிடையாது. சனிக்கிழமை அடிவாரத்தில் இறங்கி, சாமையும் கேழ்வரகும் விளையும் தன் ஊருக்கு நடந்தே ஏறுவாள். மறுநாள் மாலை நடந்தே இறங்குவாள். 800 மீட்டர் ஓட்டம் என்றால் அவளை ஜெயிக்க ஆளில்லை.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டி வெளியூரில். ஆண்கள் அணிக்குப் பனியன், பஸ் செலவு, சாப்பாட்டுப் பணம் எல்லாம் தயார். எங்களுக்குக் கிடைத்த பதில், "லேடீஸுக்கு இந்த வருஷம் பண்டு இல்லம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பதுதான். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "சேரும்போது கேம்ஸ் பீஸ் மட்டும் நம்மகிட்டயும் அதேதானே வாங்கினாங்க?"

அது எங்களுக்குக் கடைசி வருஷம். "அடுத்த வருஷம்" வரவேயில்லை.

இதே கேள்வியைச் சட்டமாகவே எழுதிய நாடு அமெரிக்கா. அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் பாலின வேறுபாடு காட்டக்கூடாது என்று 1972இல் அங்கே சட்டம் வந்தது. அதில் 'விளையாட்டு' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் மைதானத்தைத்தான் அது அதிகம் மாற்றியது. அதற்கு முன் அங்கே உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் மேல்.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் 1975இல், சர்வதேச மகளிர் ஆண்டில், பெண்களுக்கான தேசிய விளையாட்டு விழா தொடங்கியது. மறு வருஷம் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென்று விளையாட்டுப் பிரிவு திறந்தது. மாதம் 250 ரூபாய் உதவித்தொகையில் அங்கே சேர்ந்த சிறுமிதான் பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 1985இல் ஜகார்த்தாவில் ஐந்து தங்கம் வென்றார். அந்த 250 ரூபாய் வீண்போகவில்லை!

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2005இல் உலகக்கோப்பை இறுதிவரை போன நம் பெண்களுக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் கிடைத்தது என்று மிதாலி ராஜ் பின்னாளில் சொன்னார். 2022இல் ஆண்களுக்குச் சமமான ஆட்டக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் கோப்பையே வந்து சேர்ந்தது. பணம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பணமில்லாமல் பயிற்சியாளரும் இல்லை, பயணமும் இல்லை.

நம் தமிழ்நாட்டுப் பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. 2018இல் கால்பந்தில் பலமுறை சாம்பியனான மணிப்பூரையே இறுதியாட்டத்தில் வென்று தேசியப் பட்டம் வாங்கினார்கள். கடலூர் இந்துமதி அந்த அணியில் ஆடியவர். மறு வருஷம் மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். நாம் தரும் விளையாட்டு நன்கொடையில் சரிபாதியைப் பெண்கள் அணிக்கு ஒதுக்குவோம். ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்ற கணக்கை ஆண்டுதோறும் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்வோம். தங்கைகளே, அதை நின்று படியுங்கள். குறைவாக இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

இன்று மலைமேல் பஸ் வருகிறது. இந்த ஊரிலிருந்து இன்னொரு பெண் ஓட வந்தால், "அடுத்த வருஷம்" என்ற பதில் அவள் காதில் விழக்கூடாது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!